போர்ட் 5269

சொந்தமா ஒரு சாட் சர்வர் வைக்கிறது இப்போ பெரிய வித்தை இல்லை. பழைய லேப்டாப், ஒரு டொமைன் பெயர், புரோசடி மாதிரி இலவச மென்பொருள், ஒரு சாயங்காலம். அதுக்கு அப்புறம் வர்ற கேள்விதான் கஷ்டம்: அதுல யாரோட பேசுறது? இந்தக் கேள்விக்கு இருபத்தைந்து வருட வரலாறு உண்டு.

1999 ஜனவரியில் ஜெரமி மில்லர் என்ற அமெரிக்க புரோகிராமர் ஜாபர் என்ற திட்டத்தை அறிவித்தார். அப்போது ஐசிக்யூவில் இருப்பவர் யாஹூவில் இருப்பவரோடு பேச முடியாது. ஜாபரோ மின்னஞ்சல் மாதிரி. யார் வேண்டுமானாலும் சர்வர் வைக்கலாம். உங்கள் சர்வர் என் சர்வரை டொமைன் பெயரை வைத்துத் தேடிப் பிடிக்கும். 5269ஆம் போர்ட் வழியாக இரண்டும் பேசிக்கொள்ளும். நடுவில் தலைமை சர்வர் என்று ஒன்று கிடையாது. 2004இல் இது எக்ஸ்எம்பிபி என்ற பெயரில் இணையத் தரநிலை ஆனது.

2005 ஆகஸ்டில் வந்த கூகுள் டாக் இதில்தான் ஓடியது. 2006 ஜனவரியில் வெளி சர்வர்களுக்கும் கூகுள் கதவைத் திறந்தது. வீட்டு மூலையில் ஓடும் சர்வரிலிருந்து ஜிமெயில் நண்பரோடு பேசலாம். சின்ன சர்வர்களுக்கு அது திருவிழாக் காலம். ஆனால் அங்கிருந்தே பேச முடிந்ததால், ஜிமெயிலை விட்டு வர நண்பர்களுக்கு அவசியமே வரவில்லை.

2013 மே மாதம் ஹேங்கவுட்ஸ் வந்தது. அதில் வெளி சர்வர்களுக்கு இடமில்லை. நண்பர்கள் அதற்கு மாற மாற, தனி சர்வர்காரர்களின் பட்டியலில் பெயர்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. சர்வர் பழுதாகவில்லை. எதிர்முனையில் ஆள் இல்லை, அவ்வளவுதான்.

வாட்ஸ்அப்பும் எக்ஸ்எம்பிபியை மாற்றியமைத்துத் தொடங்கியதுதான். ஆனால் அந்தக் கதவை வைக்காமலே கட்டினார்கள். அதைத் திறக்கச் சொல்ல ஐரோப்பாவுக்கு ஒரு சட்டமே தேவைப்பட்டது.

ஆகவே சர்வர் வைக்கிறவர் மெமரி எவ்வளவு, டிஸ்க் எவ்வளவு என்று கணக்குப் போடும் முன் ஆட்களை எண்ணணும். வீட்டில் நாலு பேர், நண்பர்கள் ஆறு பேர் உள்ளேயே வந்துவிட்டால், வெளியே யார் கதவைச் சாத்தினாலும் அந்தப் பத்துப் பேர் பேச்சு நிற்காது. டொமைன் உங்களுடையது, மெஷினை மாற்றினாலும் அவர்கள் முகவரி மாறாது. ஆனா ஒண்ணு. யார் யாரோட எப்போ பேசுறாங்கன்னு இனிமே உங்களுக்குத் தெரியும். இதுவரை கூகுள் மேல வெச்ச நம்பிக்கையை அந்தப் பத்துப் பேரும் இப்போ உங்க மேல வெக்கணும். அதுக்கு நீங்க தயாரான்னு முதல்ல பாருங்க.