அக்டோபர் முதல் மார்ச் வரை: ஒரு பயணக் கணக்கின் வரலாறு

இந்தியாவைச் சுற்றிப் பார்க்க எது நல்ல காலம் என்று கேட்டால், வழிகாட்டி நூல்களும் பயண முகவர்களும் ஏறத்தாழ ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள்: அக்டோபர் முதல் மார்ச் வரை. லடாக்கும் லட்சத்தீவும், தார் பாலைவனமும் சிரபுஞ்சியும் ஒரே எல்லைக்குள் இருக்கும் நாட்டுக்கு இப்படி ஒரு பதில் எப்படிப் பொருந்தும் என்று யாரும் நின்று யோசிப்பதில்லை. வானிலையே அந்தப் பதிலைக் கொடுத்தது என்று நம்பிவிடுகிறோம். ஆனால் அதைக் கொடுத்ததில் வானிலைக்கு இருக்கும் பங்கைவிட, பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த நாட்டை ஆண்டவர்களின் அலுவல் நாட்காட்டிக்கு இருக்கும் பங்கு பெரிது. அதற்கு முன்பு இங்கே வழிநடந்தவர்களிடம் இருந்தது ஒரு கணக்கல்ல, பல கணக்குகள். திசைக்கு ஒன்று, நிலத்துக்கு ஒன்று, தொழிலுக்கு ஒன்று என்று அவை பிரிந்திருந்தன. அந்தப் பன்மையை இழந்ததால் நமக்கு நேர்ந்த நட்டம் சிறியதல்ல.

முதலில் மழையின் போக்கைப் பார்ப்போம். தென்மேற்குப் பருவமழை ஜூன் முதல் தேதியை ஒட்டிக் கேரளத்தைத் தொடுகிறது. ஜூன் கடைசியில் தில்லியை எட்டுகிறது. ஜூலை முதல் பாதிக்குள் நாடு முழுவதும் பரவிவிடுகிறது. செப்டம்பரில் ராஜஸ்தானத்திலிருந்து பின்வாங்கத் தொடங்குகிறது. வட சமவெளியில் வானம் வெளுத்துச் சாலைகள் காயும் அந்த ஐப்பசி மாதத்தில்தான் தமிழ்நாட்டில் மழை தொடங்குகிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையே தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் கிட்டத்தட்டப் பாதியைத் தருகிறது. மழைக் கணக்கின் பொதுப் போக்குக்கு அடங்காத இடங்களும் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையின் மேல் இருக்கும் மகாபலேஷ்வரில் ஐந்தாயிரம் மில்லிமீட்டருக்கு மேல் கொட்டுகிறது. மலையைத் தாண்டிக் கிழக்கே இறங்கினால் தக்காணத்தின் வறண்ட நிலம். லே நகரில் ஆண்டு முழுவதும் பெய்வது ஏறத்தாழ நூறு மில்லிமீட்டர்தான்; அங்கே வழியை அடைப்பது மழையல்ல, பனி. ஆக, இந்த நாட்டின் எந்த மாதத்தை எடுத்தாலும் ஒரு மூலையில் வழி திறந்திருக்கும், இன்னொரு மூலையில் அடைபட்டிருக்கும்.

பழைய நூல்கள் இந்த வேறுபாட்டை நன்றாக அறிந்திருந்தன. அர்த்தசாஸ்திரம் படையெடுப்புக்கு உகந்த காலத்தைப் பேசும்போது ஒரே மாதத்தைச் சொல்லி நிறுத்தவில்லை. மார்கழி, சித்திரை, ஆனி என்று மூன்று புறப்பாடுகளைச் சொல்லி, ஒவ்வொன்றையும் பகைவனின் விளைச்சலோடு இணைக்கிறது. அதோடு, வெப்பம் மிகுந்து புல்லும் விறகும் நீரும் குறைந்த நாட்டுக்குக் குளிர்காலத்திலும், பனியும் மழையும் அடர்காடும் நிறைந்த நாட்டுக்குக் கோடையிலும் செல்ல வேண்டும் என்று நிலத்தைப் பொறுத்துக் காலத்தைப் பிரிக்கிறது. பௌத்தத் துறவிகள் மழைக்காலத்தில் மூன்று மாதம் ஓரிடத்தில் தங்க வேண்டும் என்ற விதி, அவர்கள் இளம்பயிரையும் சிற்றுயிர்களையும் மிதித்துச் செல்கிறார்கள் என்று மக்கள் குறைசொன்னதால் வந்ததாக விநயபிடகம் கூறுகிறது. சமணத் துறவிகளின் நான்கு மாதத் தங்கலும் இதே வகையானது. இவையெல்லாம் வட சமவெளியின் மழையைக் கணக்கில் வைத்து எழுந்த விதிகள். தமிழ்நிலத்தின் பொழுதுப் பகுப்பு வேறாக இருந்தது. வடக்கே ஐப்பசியும் கார்த்திகையும் தெளிந்த வானத்தின் காலம். இங்கே அவை வாடையும் தூறலும் சேர்ந்த கூதிர். முல்லைத் திணையில் வினைமேற் சென்ற தலைவன் கார்காலம் தொடங்கும்போது திரும்பிவிட வேண்டும் என்பது மரபு. நெடுநல்வாடையின் அரசன் கூதிரிலும் பாசறையில் இருப்பது கவனிக்கத்தக்கதாக ஆவதும், அது வீடு திரும்பியிருக்க வேண்டிய காலம் என்பதால்தான்.

கடல்வழி இன்னும் கண்டிப்பான ஆசான். கோடையின் நடுவில் செங்கடல் துறைகளிலிருந்து புறப்படும் கப்பல்கள் தென்மேற்குக் காற்றில் மேற்குக் கரையின் முசிறிக்கு வந்ததையும், டிசம்பரிலோ ஜனவரி முற்பகுதிக்குள்ளோ வடகிழக்குக் காற்றில் திரும்பியதையும் ரோமானிய எழுத்தாளர் பிளினி முதல் நூற்றாண்டிலேயே பதிந்திருக்கிறார். மேற்குக் கரையில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கடல் மூடிக்கிடக்கும். கிழக்குக் கரையின் கணக்கு நேர்மாறு. சோழமண்டலக் கரையில் அஞ்ச வேண்டிய மாதங்கள் அக்டோபர் முதல் டிசம்பர் வரை. இந்தக் கணக்கைத் தவறவிட்டதற்கு வரலாற்றில் ஒரு பெரிய சான்று உண்டு. 1746 செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொனே சென்னையைக் கைப்பற்றினார். பேரம் பேசியும் சரக்கை ஏற்றியும் அக்டோபர் வரை அவருடைய கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரமிட்டு நின்றன. மாதத்தின் நடுவில் அடித்த புயலில் பல கப்பல்களும் நூற்றுக்கணக்கான ஆட்களும் அழிந்தனர். அவரால் இந்தக் கரையில் மேற்கொண்டு எதையும் சாதிக்க முடியாமல் போனது. மேற்குக் கரையில் நின்றிருந்தால் அதே மாதம் அவருக்குத் துணையாக இருந்திருக்கும்.

மலைவழிகளும் கோயில்வழிகளும் தங்கள் கணக்கைத் தாங்களே வகுத்துக்கொண்டன. யார்க்கண்டிலிருந்து காரகோரம் கணவாய் வழியே லே வந்த வணிகர்களுக்குக் கோடைதான் காலம். லேவைக் காஷ்மீரோடு இணைக்கும் சோஜி லா கணவாயும் குளிர்காலத்தில் பனியில் மூழ்கிவிடும். பத்ரிநாத், கேதார்நாத் கோயில்களின் கதவுகள் சித்திரை, வைகாசியில் திறந்து, தீபாவளியை ஒட்டிய வாரங்களில் மூடப்படுகின்றன. பந்தர்பூருக்கு ஆளந்தியிலிருந்தும் தேகுவிலிருந்தும் வாரக்கரிகள் என்னும் விட்டல பக்தர்கள் நடப்பதோ ஆஷாட மாதத்தில், பருவமழை தொடங்கிய பிறகு. விதைப்பு முடிந்த உழவர்களுக்குக் கிடைக்கும் இடைவெளி அது. அவர்கள் நடக்கும் வழியின் பெரும்பகுதி மழைமறைவு நிலம் என்பதும் சேர்ந்துகொண்டது. சபரிமலைக்குக் கார்த்திகை முதல் தை வரை. குற்றாலத்துக்கு ஆனி, ஆடி, ஆவணி: மலை இடைவெளி வழியே தென்மேற்குச் சாரல் உள்ளே வரும் மாதங்கள். தமிழ்நாட்டின் பிற பகுதிகள் வெயிலில் காயும்போது குற்றாலத்தில் அருவி விழுகிறது. மக்கள் மழையைத் தேடியே பயணம் போகிறார்கள். மழை என்றால் வீட்டில் இரு என்ற ஒற்றை விதி இங்கே என்றும் இருந்ததில்லை.

இந்தப் பன்மை எப்போது ஒன்றாகச் சுருங்கியது? 1864-இல் வைஸ்ராய் ஜான் லாரன்ஸ் காலத்தில் சிம்லா இந்திய அரசின் கோடைத் தலைநகரானது. சென்னை அரசு ஊட்டிக்கும், வங்காள அரசு டார்ஜிலிங்குக்கும் ஏறின. பம்பாய் அரசு வெயிலுக்கு மகாபலேஷ்வரும் மழைக்குப் பூனாவுமாக இருமுறை இடம் மாறியது. மகாபலேஷ்வரில் மழைக்காலத்தில் தங்க முடியாது என்பது அதற்குக் காரணம். ஏப்ரலில் மலைக்கு ஏறி அக்டோபரில் இறங்குவது ஆட்சியின் மூச்சு என்று ஆனது. மாவட்ட அதிகாரிகள் கூடாரத்தோடு சுற்றுப்பயணம் போவதும், நடனங்களும் வேட்டைகளும் திருமணங்களும் நடப்பதும் சமவெளியின் குளிர்காலத்தில்தான். 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்தபின், ஐரோப்பாவின் குளிருக்குத் தப்பி இந்தியாவைப் பார்க்க வருவது எளிதாயிற்று. தாமஸ் குக் தன் உலகப் பயணத்தில் இங்கே வந்தது 1872-73 குளிர்காலத்தில். வேல்ஸ் இளவரசரின் சுற்றுப்பயணம் 1875 நவம்பர் முதல் 1876 மார்ச் வரை. தில்லி தர்பார்கள் மூன்றும் 1877 ஜனவரி, 1903 ஜனவரி, 1911 டிசம்பர் மாதங்களில் கூடின. ஆட்சியாளர்கள் சமவெளியில் இருந்த மாதங்களே இந்தியாவைப் பார்க்க வேண்டிய மாதங்கள் என்று வழிகாட்டி நூல்களில் ஏறி, நிலைத்துவிட்டன.

ஆட்சியை எதிர்த்தவர்களும் அதே நாட்காட்டிக்குள்தான் கூடினார்கள். காங்கிரசின் முதல் மாநாடு 1885 டிசம்பர் 28 அன்று பம்பாயில் தொடங்கியது. நீதிமன்றங்களும் அலுவலகங்களும் கிறிஸ்துமஸ் விடுமுறையில் இருந்ததால் வழக்கறிஞர்கள் நாட்டின் எல்லா முனைகளிலிருந்தும் ரயிலேறி வர முடிந்தது. 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் கூடியபோது உடன் நடந்த இசை மாநாட்டிலிருந்துதான் மியூசிக் அகாடமி உருவானது. இன்று மார்கழிக் கச்சேரிகளுக்காக உலகெங்கும் இருந்து தமிழர்கள் சென்னைக்கு வருகிறார்கள். மார்கழிக்கு நம் மரபிலேயே பஜனையும் வைகறைப் பாடலும் உண்டு என்பது உண்மை. ஆனால் அந்த மாதம் ஒரு பயணப் பருவமாக மாறியதில் மாநாட்டு நாட்காட்டியின் பங்கை மறைக்க முடியாது.

இந்த வாதத்துக்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. மழைக்குப் பின் புறப்படுவது ஆங்கிலேயர் கண்டுபிடித்ததல்ல. மராட்டியர்கள் விஜயதசமியன்று எல்லை தாண்டுவதைச் சடங்காகவே செய்தார்கள், விஜயநகரத்து மகாநவமியிலும் படைகள் அரசன் முன் அணிவகுத்தன என்று சொல்லலாம். சொல்வது சரிதான். ஆனால் அது ஆறுகள் வடிந்து, தீவனம் விளைந்து, குதிரைக்கும் எருதுக்கும் வழி கிடைத்த தக்காணத்தின் கணக்கு. அதைக் காஷ்மீருக்கோ சோழமண்டலக் கரைக்கோ யாரும் நீட்டவில்லை. முகலாயர்கள் தில்லியில் வெயில் ஏறும்போது காஷ்மீருக்குப் போனார்கள். ஒரே அரசு, இரண்டு நிலங்கள், இரண்டு காலங்கள். பழைய வழக்கத்தில் இருந்தது ஒரு பகுதியின் விதி. புதிய வழக்கம் அதை நாடு முழுவதற்கும் விதியாக்கியது. வேறுபாடு அங்கேதான் இருக்கிறது.

இன்னொரு மறுப்பு நடைமுறை சார்ந்தது. நாட்டின் பெரும்பரப்பில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை உடலுக்கு இதமாகத்தானே இருக்கிறது, வாழ்நாளில் ஒருமுறை வருபவருக்கு ஒரு பதில் போதாதா என்று கேட்கலாம். ஆக்ரா, ஜெய்ப்பூர், காசி மட்டும் பார்ப்பவருக்கு அது போதும்; அங்கும்கூட ஜனவரி மூடுபனியில் ரயில்கள் மணிக்கணக்கில் தாமதமாகின்றன. ஆனால் அதே பதிலை நம்பி நவம்பரில் நாகப்பட்டினத்துக்கோ டிசம்பரில் ராமேசுவரத்துக்கோ வருபவருக்கு அது தவறான பதில். 1964 டிசம்பர் 22 நள்ளிரவை ஒட்டித் தனுஷ்கோடியைப் புயல் அழித்தபோது, பாம்பனிலிருந்து போய்க்கொண்டிருந்த பயணிகள் ரயிலைக் கடல் கொண்டுபோனது. நூற்றுக்கும் மேற்பட்டோர் அதில் இறந்தார்கள். 2011 தானே, 2016 வர்தா, 2018 கஜா ஆகிய புயல்கள் கரையேறியதும் நாட்டுக்கே நல்ல காலம் என்று எழுதப்பட்டிருக்கும் நவம்பர், டிசம்பர் மாதங்களில்தான்.

விமானமும் சுரங்கப்பாதையும் குளிர்சாதனமும் வந்தபின் பருவத்துக்கு இனி என்ன வேலை என்பவர்களும் இருக்கிறார்கள். 2020-இல் திறந்த அடல் சுரங்கம் ரோதங் கணவாயின் பனியைத் தவிர்த்துப் போக வழிசெய்திருப்பது பெரிய நன்மை. அதை யாரும் மறுக்க வேண்டாம். ஆனால் வழியை எளிதாக்கும் கருவிகள் கூட்டத்தையும் பெருக்குகின்றன, இயற்கையின் நாளை மாற்றுவதில்லை. 2013-இல் பருவமழை வழக்கத்தைவிட ஒரு மாதம் முன்னதாக, ஜூன் 16-க்குள் நாடு முழுவதும் பரவியது. சமவெளியின் பள்ளி விடுமுறையை ஒட்டிக் கேதார்நாத் வழியெங்கும் மக்கள் நிறைந்திருந்த நாட்கள் அவை. அன்றும் மறுநாளும் வந்த வெள்ளத்தில் ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். வெள்ளத்துக்குக் காரணம் மழையும் பனிப்பாறையும் உடைந்த ஏரியும். ஆனால் அவ்வளவு பேர் அந்த வாரத்தில் அங்கே இருந்ததற்கு, மலைக்கு உரியதல்லாத ஒரு நாட்காட்டியும் காரணம்.

1875-இல் தொடங்கிய இந்திய வானிலை ஆய்வுத் துறை, 2020-இல் பருவமழை வரவு, விலகல் நாட்களைத் திருத்தியது. வடமேற்கிலிருந்து மழை விலகத் தொடங்கும் இயல்பான நாள் செப்டம்பர் 1 என்பதிலிருந்து செப்டம்பர் 17-க்குத் தள்ளிப்போனது. அறிவியல் தன் கணக்கைத் திருத்திக்கொள்கிறது; பயண நூல்கள் மட்டும் நூற்றைம்பது ஆண்டுப் பழைய வரியைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொரு மாநிலச் சுற்றுலாத் துறையும் தன் மாவட்டங்களுக்குத் தனித்தனிப் பருவ அட்டவணை வெளியிட்டால், அதில் மழை, புயல், பனி, கணவாய் திறக்கும் நாள், அறுவடை, திருவிழா எல்லாம் இருந்தால், பயணியும் பிழைப்பார், ஊரும் மூச்சுவிடும். ஆறு மாதத்தில் அடைத்த கூட்டம் பன்னிரண்டு மாதங்களுக்குப் பரவும். கேரளத்தின் குமரகத்துப் படகோட்டிக்கும் இமயமலையில் ஸ்பித்தியின் விடுதிக்காரருக்கும் அவரவர் பருவம் கைகொடுக்கும். இது புதிய யோசனையும் அல்ல. முசிறி மாலுமியும் பந்தர்பூர் வாரக்கரியும் லே வணிகரும் தங்கள் தங்கள் வழியில் கடைப்பிடித்ததைத்தான் எழுத்தில் கொண்டுவரச் சொல்கிறோம். இவ்வளவு பெரிய நாட்டைப் பற்றி "எப்போது போகலாம்" என்று கேட்பவரிடம், பதிலுக்கு முன் "எங்கே" என்று திருப்பிக் கேட்பதுதான் அறிவுடைமை.