யாழ்ப்பாணத்து விருந்தும் மதுவிலக்கும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. சுண்ணாம்புக் கல்லைப் பிளந்து தோண்டிய கிணற்றிலிருந்து, துலா மிதித்து இறைத்த நீரே அங்குப் புகையிலையையும் மிளகாயையும் வெங்காயத்தையும் விளைவித்தது. நீரை எண்ணி இறைத்த மக்கள் காசையும் எண்ணிச் செலவிட்டனர் என்பதில் வியப்பொன்றும் இல்லை. யாழ்ப்பாணத்தவர் சிக்கனக்காரர் என்று இலங்கை முழுவதும் சொல்வர். சிலர் அதனைக் கேலியாகவும் சொல்வர். ஆயினும் அந்தச் சிக்கனம் கலியாண வீட்டுப் படலையைத் தாண்டி உள்ளே செல்லத் தயங்கியது. முற்றத்துப் பந்தரில் வாழையிலையில் சைவ உணவு. வீட்டின் கோடிப்புறத்திலோ கள்ளு முட்டியும் சாராயப் போத்தலும். முற்றத்துச் செலவை எல்லாரும் அறிவர். கோடிப்புறத்துச் செலவை வீட்டுக்காரரும் கடன் கொடுத்தவரும் மட்டுமே அறிவர்.

குடியைக் கடிவது தமிழருக்குப் புதிய செய்தி அன்று. கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே வகுத்தவர் வள்ளுவர். யாழ்ப்பாணத்தில் 1848ஆம் ஆண்டில் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிய ஆறுமுக நாவலர், பிள்ளைகளுக்காக எழுதிய நான்காம் பாலபாடத்தில் கள்ளுண்ணலைத் தனிப் பாடமாகவே வைத்தார். கொலை, களவு என்னும் பாவங்களோடு ஒரே வரிசையில் அதனையும் நிறுத்தினார். அப்பாடத்தைத் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் மனனம் செய்தனர். மனனம் செய்தவர்கள் வளர்ந்தபின், தம் பிள்ளைகளின் கலியாணத்தில் வந்தவர்களுக்கு வார்த்துக் கொடுக்கவும் செய்தனர். பாவம் என்ற சொல் கோயிலில் நின்றது. கௌரவம் என்ற சொல் வீட்டில் நின்றது. விருந்தாளிக்கு ஒரு கிளாசு வைக்காதவன் உலோபி எனப்படுவானோ என்ற அச்சம், நரகத்தைப் பற்றிய அச்சத்திலும் வலியதாக இருந்தது.

ஆங்கிலக் கல்வி இக்கௌரவத்திற்குப் புதிய உடை அணிவித்தது. கச்சேரி உத்தியோகத்தரும், மலாய் நாட்டில் எழுதுவினைஞராக உழைத்துப் பென்ஷனோடு ஊர் திரும்பியவரும் மேசை போட்டு விருந்து வைக்கத் தொடங்கினர். அம்மேசைக்கு விஸ்கியும் பிராந்தியும் வந்தன. பனங்கள்ளு குடித்தவன் குடிகாரன். சீமைச் சரக்குக் குடித்தவர் கனவான். விலையை நோக்கினால் பின்னவருடைய குடியே குடும்பத்தைப் பன்மடங்கு வருத்தக் கூடியது.

இச்செலவின் மற்றொரு பக்கத்தைத் தேசவழமை காட்டுகின்றது. ஒல்லாந்தர் ஆட்சியில் 1707ஆம் ஆண்டளவில் எழுத்துருப் பெற்ற இவ்வூர்ச் சட்டம், சொத்தை முதுசம், சீதனம், தேடியதேட்டம் என வகுத்தது. மணவாழ்க்கையிற் தேடிய பொருளாகிய தேடியதேட்டத்தில் மனைவிக்கும் பங்கு உண்டு. ஆகவே கணவன் நண்பர் குழாத்தில் வார்த்த சாராயத்தின் விலை, அவனுடைய காசு மட்டும் அன்று. இதனை எந்த நியாயத்தலத்திலும் எந்த மனைவியும் வழக்காகத் தொடுக்கப் போவதில்லை. எனினும் அடுப்படிக் கணக்கு அதனை மறப்பதும் இல்லை.

பணம் எங்கே போயிற்று என்ற கேள்வியே மதுவிலக்கை ஓர் இயக்கமாக்கியது. ஆங்கிலேயர் காலத்தில் சாராயம் விற்கும் உரிமை ஏலத்தில் விடப்பட்டது. கூடிய தொகை கேட்டவர் குத்தகை எடுத்தார், குத்தகைக்காரர் செல்வரானார், அரசாங்கத் திறைசேரியும் நிறைந்தது. ஏழை குடித்த ஒவ்வொரு துளியிலும் ஒரு பங்கு வரியாயிற்று. 1904ஆம் ஆண்டில் தென்னிலங்கையில் எழுந்த மதுவிலக்குக் கிளர்ச்சி, 1912ஆம் ஆண்டின் மதுவரிச் சட்டத்தோடு மீண்டும் மூண்டது. அச்சட்டத்தின் வழியாகப் புதிய கள்ளுத் தவறணைகள் ஏராளமாகத் திறக்கப்பட்டமையே அதற்குக் காரணம். எப்.ஆர். சேனநாயக்கா, டி.எஸ். சேனநாயக்கா, டி.பி. ஜயதிலகா முதலியோர் அதில் முன்னின்றனர். 1915ஆம் ஆண்டுக் கலவரத்தின்போது ஆங்கில அரசு இவர்களைச் சிறையிலிட்டது. அவர்களுக்காகச் சட்டநிரூபண சபையில் வாதாடியவர் யாழ்ப்பாணத் தமிழ்க் குடும்பத்தவரான பொன்னம்பலம் இராமநாதன். மது என்னும் ஒரு பொருளைப் பற்றிய பேச்சு, நாட்டின் அரசுரிமையைப் பற்றிய பேச்சாக மாறிய வரலாறு இது.

பின்வந்த ஆண்டுகளில், ஓர் ஊரார் தம் ஊர்த் தவறணை வேண்டா என்று வாக்களித்து அதனை மூடச் செய்யும் ஏற்பாடும் நடைமுறைக்கு வந்தது. குடாநாட்டில் சைவரும் கிறிஸ்தவரும் இவ்விடயத்தில் ஒன்றுபட்டனர். வேறு விடயங்களில் அவர்கள் அவ்வளவு எளிதில் ஒன்றுபட்டதில்லை. பல தவறணைகள் மூடப்பட்டன. 1924ஆம் ஆண்டில் ஹன்டி பேரின்பநாயகம் முதலிய இளைஞர் தொடங்கிய மாணவர் காங்கிரஸ், பின்னர் வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர்பெற்றது. அதன் அழைப்பை ஏற்றுக் காந்தியடிகள் 1927ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் யாழ்ப்பாணம் வந்தார். கதருக்குப் பணம் திரட்ட வந்த அப்பயணத்தில் மதுவின் தீமையையும் அவர் எடுத்துரைத்தார். குடியை விட்டவனுடைய கையிலே மிஞ்சும் காசு கதருக்கும் கல்விக்கும் உதவும் என்பது காந்திய நெறியின் எளிய கணக்கு.

கணக்கை யாரும் போட்டுப் பார்க்கலாம். நாளொன்றுக்குப் பத்துச் சதம் மிச்சம் பிடித்தால் ஆண்டில் 36 ரூபாய் 50 சதம் சேரும். ஆனால் மிச்சம் பிடித்த காசு சட்டைப் பையிற் கிடந்தால் மற்றொரு வழியாக ஓடிவிடும். அதற்கு ஓர் இடம் வேண்டும். 1911ஆம் ஆண்டில் இலங்கையில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்தது. ஜெர்மனியில் ரைபைசன் என்பவர் ஏழை உழவருக்காக வகுத்த முறையைத் தழுவி எழுந்த ஐக்கிய நாணய சங்கங்கள் யாழ்ப்பாணத்துக் கிராமங்களிற் செழித்தன. அவற்றின் உயிர்நாடி எல்லையற்ற பொறுப்பு ஆகும். ஒருவர் வாங்கிய கடனை அவர் கட்டத் தவறினால், அங்கத்தவர் அனைவரும் அதற்குப் பொறுப்பாவர். ஆகவே கடன் கேட்பவர் எதற்காகக் கேட்கிறார், அவர் மாலைப்பொழுதில் எங்கே போகிறார், மகள் கலியாணத்தில் எத்தனை போத்தல் உடைத்தார் என்பவை அயலவருக்கு வீண் வம்பு அல்லவாயின. தம் பணத்தைப் பற்றிய விசாரணையாயின. உபதேசம் செய்ய முடியாததைச் சங்கத்தின் கணக்குப் புத்தகம் செய்தது. மது வைக்காத விருந்துக்கு உலோபம் என்ற பெயர் போய், ஒழுக்கம் என்ற பெயர் கிடைத்தது. பெயர் மாறியதும் சிக்கனம் படலையைத் தாண்டிற்று.

கடலுக்கு அப்பாலும் இதே கணக்கு அரசியலாயிற்று. இராஜாஜி 1937ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். அரசு இழந்த வருமானத்தை ஈடுசெய்ய 1939ஆம் ஆண்டில் விற்பனை வரி பிறந்தது. மதுவிலக்கு ஒழிந்த பின்பும் அவ்வரி ஒழியவில்லை என்பது வேறு கதை.

இத்துணைச் சேமிப்பும் யாருடைய கையிலிருந்து வந்தது என்று கேட்கும்போது, வரலாறு சற்றுக் கசக்கின்றது. குடாநாட்டின் கள்ளைச் சீவியவர்கள் நிலமற்ற, தீண்டாமைக்கு உள்ளான மக்கள். இடுப்பில் கத்தியும் காலில் தளைநாரும் கொண்டு, விடியுமுன்னும் மாலையிலும் பனைமரங்களில் ஏறி இறங்கியவர்கள். மதுவில்லாப் பந்தியில் அவர்களுக்கு இலை போடப்படவில்லை. மது வைத்த பந்தியிலும் போடப்பட்டதில்லை. தவறணையை மூடிய ஊர் விருப்பம், ஊரில் குரல் உடையோரின் விருப்பமாகவே பெரிதும் இருந்தது. மூடிய தவறணை கண்ணுக்குத் தெரிந்தது. கொழும்பிலிருந்து இரயிலில் வந்த விஸ்கிப் போத்தல் அவ்வளவு தெரியவில்லை.

முட்டியின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவினால் அதே பாளைச்சாறு புளிக்காமல் கருப்பநீராகும், காய்ச்சினால் பனங்கட்டியாகும். எனவே தொழிலை மாற்றிக்கொள்ளலாமே என்று சீர்திருத்தக்காரர் சொன்னார்கள். சொல்வது எளிது. கள்ளு இறக்கியவுடன் காசாகும். பனங்கட்டிக்கோ விறகு வேண்டும், நாள்முழுதும் அடுப்பருகே ஒரு பெண் நிற்க வேண்டும், பின்னர் வியாபாரி சொல்லும் விலைக்குத் தலையசைக்க வேண்டும். கள்ளு விற்பது குற்றமான இடங்களில் அது வேலிக்குள்ளே விற்கப்பட்டது, கசிப்பும் தலைகாட்டியது. மரத்துக்கு வரி கட்டிச் சொந்தத் தேவைக்குக் கள்ளு இறக்கலாம் என்ற மரவரி முறை நெடுங்காலம் இருந்தது. அதன் மறைவிலும் விற்பனை நடந்ததை ஊர் அறியும்.

1970களில் மரவரி முறை போய், சீவல் தொழிலாளரையே அங்கத்தவராகக் கொண்ட பனை தென்னை வளக் கூட்டுறவுச் சங்கங்கள் தவறணைகளை நடத்தத் தொடங்கின. கள்ளின் விலையைத் தரகர் அன்றிச் சங்கம் நிர்ணயித்தது. ஒரு தலைமுறைக்கு முன்னர், குடியை நிறுத்திக் காசு சேர்ப்பதற்கு அயலவர்கள் கைக்கொண்ட கூட்டுறவு என்னும் கருவி, இப்பொழுது கள்ளை விற்றுக் காசு சேர்ப்பதற்கு அதே ஊரின் மற்றொரு பகுதியாருடைய கைக்கு வந்தது. அச்சங்கத்துக் கணக்குப் புத்தகத்தில், மரம் ஏறியவருடைய பெயர் முதன்முறையாக வரவுப் பக்கத்தில் எழுதப்பட்டது.