பாலிஷ் போடாத மணிதான் பேசும்

டம்ளர்னா டிகிரி காபி குடிக்கிற டம்ளர் இல்லீங்க. ஒரு ரப்பர் பீப்பா, அதுக்குக் கீழே ரெண்டு உருளை, ஒரு சின்ன மோட்டார், அவ்ளோதான். பீப்பாவை மூடி உருளை மேல படுக்க வெச்சு சுவிட்சைப் போட்டா அது பாட்டுக்கு உருண்டுக்கிட்டே இருக்கும். ஸ்ரீரங்கத்துல இருக்கிற எங்க அக்கா கண்ணாடி மணி செய்யறாங்க, கூடவே கொஞ்சம் வெள்ளி நகையும். கடைசிக்கட்ட பாலிஷ் வேலை முழுக்க இந்த டம்ளர்தான். உள்ளே மழை பெய்யற மாதிரி சத்தம்னு அக்கா சொல்லுவாங்க. எனக்கென்னவோ ஜல்லி லாரி ரிவர்ஸ்ல வர்ற மாதிரிதான் கேக்குது :-)

வெள்ளி நகைன்னா பீப்பாவுக்குள்ள குட்டிக் குட்டி ஸ்டீல் குண்டு, தண்ணி, நாலு சொட்டு பாத்திரம் தேய்க்கிற சோப்பு. ஒரு ரெண்டு மணி நேரம் ஓடினா நகை கண்ணாடி மாதிரி வந்துடும். இதுல வெள்ளி தேயறதே இல்ல. குண்டு தட்டித் தட்டி மேல்பரப்பை அமுக்கி விடுது, நகையும் கொஞ்சம் கெட்டிப்படுது. குண்டுக்குப் பதிலா சிலிக்கான் கார்பைடு பொடி போட்டா கதை வேற. அது அரைக்கும். முதல்ல கரடுமுரடான பொடி, அப்புறம் நைஸ் பொடின்னு மாத்தி மாத்திப் போட்டா மேலே இருக்கிற கீறல், மேடு, பள்ளம் எல்லாம் காணாமப் போகும். மேல இருக்கிற ஒரு படலமும் சேர்ந்தே போகும். அந்தப் படலத்துல என்ன எழுதியிருந்ததுங்கிறதுதான் இந்தப் பதிவோட மேட்டர்.

பழங்காலத்துல நம்ம பக்கத்து ஆளுங்க இதை எப்படிப் பண்ணினாங்கன்னு தேடினா, முதல்ல மாட்டறது அரிக்கமேடு. புதுச்சேரிக்குப் பக்கத்துல அரியாங்குப்பம் ஆத்தங்கரை. 1945ல வீலர் தோண்டினார், 1947 முதல் 1950 வரை கசால், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி குழு. ஆறு மில்லிமீட்டர்கூட இல்லாத ஒரே நிறப் பாசிமணிகள் இங்கே ஏராளமா கிடைச்சுது. இதே வகை மணி தென்கிழக்கு ஆசியா, கொரியா, ஆப்பிரிக்கான்னு எங்கே தோண்டினாலும் வருது. பீட்டர் ஃபிரான்சிஸ்ங்கிற அமெரிக்க ஆய்வாளர் இதுக்கு 'இந்தோ-பசிபிக் மணி'ன்னு பேரு வெச்சார்.

இந்த மணிக்கு பளபளப்பு எப்படி வந்தது? அரைக்கவும் இல்ல, அமுக்கவும் இல்ல, சூடுதான். செய்முறையை நேர்லயே பார்க்கலாம், ஏன்னா ஆந்திராவுல திருப்பதி பக்கம் பாப்பாநாயுடுபேட்டைல இதே தொழில் நம்ம காலம் வரைக்கும் நடந்துருக்கு. கண்ணாடிக் குழம்பை லாடாங்கிற இரும்புக் குழாயில திரட்டி, உள்ளே காத்து இருக்கிற மாதிரியே நீளமான குழலா இழுக்கறாங்க. அந்தக் குழலை துண்டு துண்டா நறுக்கினா மணி. ஆனா நறுக்கின விளிம்பு கத்தி மாதிரி இருக்கும், கழுத்துல போட முடியாது. அதனால மணிகளை சாம்பல்ல போட்டுக் கலந்து, துளைக்குள்ள சாம்பல் அடைச்சதும் சட்டியில சூடு பண்ணி கிளறிக்கிட்டே இருக்கறாங்க. விளிம்பு இளகி தானா உருண்டு வழவழன்னு ஆயிடும். சாம்பல் அடைச்சிருக்கிறதால துளை மூடிக்காது. அப்புறம் சாம்பலை சலிச்சு எடுத்தா வேலை முடிஞ்சுது. இயற்பியல் வாத்தியார் சொன்ன பரப்பு இழுவிசை ஞாபகம் இருக்கா? அதுக்கு காசு கிடைக்கும்னு அன்னிக்கே தெரிஞ்சு வெச்சிருந்தாங்க.

கல் மணிக்கு இது வேலைக்காகாது, கல்லை இப்படி இளக வைக்க முடியாதே. அங்கேதான் டம்ளரோட கொள்ளுத்தாத்தா வர்றார். குஜராத்துல காம்பத்ங்கிற ஊர்ல, 19ம் நூற்றாண்டு பம்பாய் கெசட்டியர் காலத்துல, சுமார் ரெண்டடி நீளத் தோல் பையில மணிகள், எமரிப் பொடி எல்லாம் அடைச்சு இறுக்கக் கட்டுவாங்க. அறையோட ரெண்டு கோடியில ரெண்டு பேர் உக்காந்துக்கிட்டு பையை இங்கிருந்து அங்கே, அங்கிருந்து இங்கேன்னு உருட்டணும். பை காயாம நனைச்சுக்கிட்டே இருக்கணும். எவ்ளோ நேரம்? பத்துலேர்ந்து பதினஞ்சு நாள்! 20ம் நூற்றாண்டுல மின்சாரப் பீப்பா வந்து அந்த ரெண்டு பேரையும் எழுப்பி விட்டுச்சு. எழுந்தவங்க வேற எந்த வேலைக்குப் போனாங்கன்னு கேக்காதீங்க, அதை யாரும் கெசட்டியர்ல எழுதறதில்ல.

சரி, நம்ம பக்கம் வருவோம். ஈரோடு மாவட்டத்துல நொய்யல் கரையில கொடுமணல். பாலக்காட்டுக் கணவாய்லேர்ந்து கரூர் வழியா காவிரியைப் பிடிச்சு உறையூருக்கு வர்ற பழைய பாதையில இருக்கு. 1985லேர்ந்து அங்கே தமிழ்ப் பல்கலைக்கழகம் தோண்டினப்போ படிகம், சூதுபவளம், பச்சைக்கல்னு மணிகள் வந்துச்சு. பச்சைக்கல்லுக்குப் பேர்போன படியூர் பக்கத்துலயே இருக்கு. முதல் நூற்றாண்டு ரோமானியர் பிளினி, இந்தியர்கள் பச்சைக்கல்லைத் துளைபோட்டு யானை முடியில கோர்க்கறாங்கன்னு எழுதி வெச்சிருக்கார். யானை முடி மோதிரம் போடற நம்ம ஆளுங்களுக்கு இது ஆச்சரியமாவே இருக்காது.

ஆனா கொடுமணலோட மதிப்பு அழகான மணியில இல்லைங்கிறது என் கருத்து. உடைச்ச கல், பாதி தட்டினது, துளை போடும்போது வெடிச்சது, தேய்ச்சு பாதியில விட்டது, இந்தக் குப்பைதான் பொக்கிஷம். முழுசா பாலிஷ் போட்ட மணி எங்கே வேணா கிடைக்கும். அது அங்கே வித்தாங்க, வாங்கினாங்க, போட்டுக்கிட்டாங்கன்னு மட்டும்தான் சொல்லும். பாலிஷ் போடாத மணி கிடைச்சாதான் 'இங்கே பட்டறை இருந்தது'ன்னு அடிச்சுச் சொல்லலாம். நம்ம மொழியில சொன்னா, பாலிஷ் போட்ட மணி ரிலீஸ் பில்டு. டீபக் சிம்பல் எல்லாம் உருவிட்டு கஸ்டமருக்கு அனுப்பினது. உள்ளே யாரு என்ன பண்ணினான்னு கண்டுபிடிக்க முடியாது.

முழுக்க முடியாதுன்னும் சொல்ல முடியாது. உருட்டற பொடி வெளிப்பக்கத்தைத்தான் ஒழுங்கா தேய்க்குது, குறுகலான துளைக்குள்ள அந்த அளவுக்குப் போறதில்ல. கெனோயர் மாதிரி ஆய்வாளர்கள் துளைக்குள்ள சிலிக்கோன் ஊத்தி அச்சு எடுத்து, எலெக்ட்ரான் நுண்ணோக்கியில பார்க்கறாங்க. வைர முனை போட்ட துரப்பணம் சுத்தின வரி அப்படியே தெரியுது.

உறையூருக்கும் இதே பிரச்சினைதான். 1965 முதல் 1969 வரை சென்னைப் பல்கலைக்கழகம் தோண்டினப்போ சாயத்தொட்டி, ரோமானியப் பானை ஓடு, தமிழ் பிராமி எழுத்துன்னு வந்துச்சு. பெரிப்ளூஸ் நூல்ல வர்ற 'அர்கரு' உறையூர்தான்னு பலரும் எடுத்துக்கறாங்க. கடற்கரையில எடுத்த முத்து அங்கே விலைபோச்சு, மெல்லிய துணி அங்கேர்ந்து போச்சுன்னு அந்த நூல் சொல்லுது. துணியை இங்கே தயாரிச்சதுக்கு சாயத்தொட்டி கையும் களவுமா சாட்சி. முத்துக்கு அப்படி எதுவும் மிஞ்சாது, கை மாறிப் போயிருக்கும்.

நம்ம காலத்துத் திருச்சிக்கு பேர் வாங்கிக் குடுத்தது செயற்கை வைரக்கல். வெர்னாய் 1902ல வெளியிட்ட முறையில செஞ்ச கல், 1976க்கு அப்புறம் கியூபிக் சிர்கோனியா, எல்லாத்தையும் வீட்டுத் திண்ணையிலயே சாணைச் சக்கரம் வெச்சு பட்டை தீட்டின குடும்பங்கள் எத்தனையோ. சீனாவோட மெஷின் பட்டை வந்ததும் இந்தத் தொழில் படுத்துடுச்சு. மெஷின் கல் ஆயிரம் எடுத்தாலும் ஒண்ணு போலவே இருக்கும். கைப்பட்டையில கல்லுக்குக் கல் மயிரிழை வித்தியாசம் இருக்கும். வியாபாரி அதை குறைன்னான். நாளைக்குத் தோண்டறவனுக்கு அதுதான் கையெழுத்து.

கடைசியா, திருச்சிக்காரங்க கோச்சுக்கக் கூடாத ஒரு விஷயம். ரஷ்யாவுல கிரெம்ளின்ல இருக்கிற ஆர்லாவ் வைரம், சுமார் 190 காரட், நம்ம ஸ்ரீரங்கம் பெருமாளோட கண்ணுன்னு ஒரு கதை உண்டு. பிரெஞ்சுப் படையிலேர்ந்து ஓடி வந்தவன் பக்தன் வேஷத்துல கோயில்ல சேர்ந்து, ஒரு கண்ணை மட்டும் பெயர்த்துக்கிட்டு ஓடினானாம். கதைக்கு ஏத்த காலம்தான். 1752ல திருச்சி முற்றுகையில பிரெஞ்சுப் படையும் சந்தா சாகிப் படையும் ஸ்ரீரங்கம் தீவுல கோயில் மதில்களையே அரணா வெச்சுக்கிட்டு, ஜூன்ல சரணடைஞ்சாங்க. 1770கள்ல கல் ஆர்லாவ் கை வழியா ராணி கேத்தரினுக்குப் போச்சு.

போட்டிக் கதை ஒண்ணு இருக்கு. 1665ல ஔரங்கசீப் அரண்மனையில டாவர்னியே ஒரு வைரத்தைப் பார்த்தார், முட்டையை பாதியா வெட்டின மாதிரி. முதல்ல அது 787½ காரட் கச்சா கல். ஹொர்டென்சியோ போர்ஜியோங்கிற வெனிஸ்காரர் அதைப் பிளக்காம தேய்ச்சே தள்ளி, சுமார் 280 காரட்டுல கொண்டு வந்து நிறுத்தினாராம். கூலி கிடைக்கல, 10,000 ரூபாய் அபராதம்தான் கிடைச்சுது. 500 காரட்டுக்கு மேல வைரம் தூளாப் போச்சு, கூடவே அந்தக் கல்லோட பழைய முகமும்.

ஆர்லாவும் பாதி முட்டை வடிவம்தான். அதை ஐரோப்பாவுல திரும்ப வெட்டாம விட்டதால பழைய இந்திய பாணி ரோஸ் பட்டை அப்படியே இருக்கு. அதை வெச்சு பல ஆய்வாளர்கள் ரெண்டும் ஒரே கல்லா இருக்கலாம்னு நினைக்கிறாங்க. எடைக்கணக்கு இடிக்குது, அதனால சண்டை முடியல. ஸ்ரீரங்கம் கதைக்கு எடைக்கணக்குகூட கிடையாது. கோயில் ஒழுகுல ஒரு வரியோ, நகைப் பட்டியல்ல ஒரு குறிப்போ காட்டுங்க, நானே முதல் ஆளா கொடி பிடிக்கிறேன். அதுவரைக்கும் அந்தக் கல்லு மேல இருக்கிற பட்டைதான் ஒரே சாட்சி. அது வெட்டினவன் பாணியைச் சொல்லுது, எந்தக் கோயில்னு சொல்லல.