பாலோடு வந்த நொதி

அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் பர், மில்ட்ரெட் பர் இணையர் எலிகளுக்குக் கொழுப்பை அறவே நீக்கிய உணவை அளித்து, அதன் விளைவை 1929இல் வெளியிட்டனர். எலிகளின் தோல் செதிலாக உரிந்தது, வால் புண்ணானது, வளர்ச்சி நின்றது. லினோலிக் அமிலம் சிறிதளவு ஊட்டியதும் அவை தேறின என்பது 1930இல் வந்த செய்தி. உடல் தானே ஆக்கிக்கொள்ள இயலாத இத்தகைய கொழுப்பு அமிலங்களைத் தமிழ் 'இன்றியமையாதவை' என்கிறது. அச்சொல்லை 'மிக முக்கியமானவை' என்று மட்டும் படித்தால் பாதிப் பொருள் போய்விடும். அவை இன்றி உடல் அமையாது என்பதே நேர்ப்பொருள்.

டெக்சாஸின் கால்வெஸ்டனில் ஆரில்டு ஹான்சென் குழு 428 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வு 1963இல் வெளியாகி, மனிதக் குழந்தைக்கும் இது பொருந்தும் என்று காட்டியது. லினோலிக் அமிலம் மிகக் குறைந்த பால்கலவையை உண்ட குழந்தைகளின் தோல் வறண்டு தடித்தது.

எனினும் ஊட்டுவது வேறு, செரிப்பது வேறு. குறைமாதக் குழந்தைக்குப் பித்த உப்பும் குறைவு, கணையத்தின் லைபேஸ் நொதியும் குறைவு. கொடுத்த கொழுப்பில் ஒரு பங்கு மலத்தோடு வெளியேறிவிடும். 1970களில் நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பைச் சேர்த்துப் பார்த்தனர். பித்தத்தை அதிகம் எதிர்பாராமல் அது உட்கிரகிக்கப்படும். ஆனால் அதில் இன்றியமையாக் கொழுப்பு அமிலங்கள் கிடையா. எளிதில் செரிப்பது ஒன்று, வேண்டியது மற்றொன்று.

விடையின் ஒரு பகுதி தாய்ப்பாலிலேயே இருந்தது. எர்ன்ஸ்ட் ஃபிராய்டென்பெர்க் 1953இல் மனிதப்பாலின் லைபேஸ் பற்றித் தனி நூலே எழுதியிருந்தார். பின்னர் சுவீடனின் உமியோ நகரில் ஓலே ஹெர்னெல், லார்ஸ் பிளெக்பெர்க் ஆகியோர் அந்நொதியின் செயல்பாட்டைத் துலக்கினர். பாலில் அது கொழுப்பின் அருகிலேயே இருந்தும் அதைத் தொடுவதில்லை. குழந்தையின் குடலில் பித்த உப்பைச் சந்தித்த பின்னரே வேலையைத் தொடங்குகிறது. குழந்தையின் கணையம் முதிரும்வரை, தாய் கடனாகத் தரும் செரிமானம் அது.

ஆனால் வெப்பம் அதற்குப் பகை. ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கியை 1989இல் மும்பை சயான் மருத்துவமனையில் அர்மிதா ஃபெர்னாண்டஸ் தொடங்கினார். இத்தகைய வங்கிகளில் கொடைப்பாலை 62.5 பாகை செல்சியசில் 30 நிமிடம் சூடேற்றுவது வழக்கம். கிருமிகள் அழிய இது தவிர்க்க முடியாதது. நொதியும் உடன் அழிகிறது. 5 குறைமாதக் குழந்தைகளுக்கு அவரவர் தாயின் பாலையே பச்சையாக ஒரு வாரமும் சூடேற்றி ஒரு வாரமும் கொடுத்து ஒப்பிட்டனர்; 2007இல் வெளியான அம்முடிவின்படி, பச்சைப்பாலில் கொழுப்பு உட்கிரகிப்பு சராசரியாக 17% மிகுதி. சிறிய ஆய்வுதான், ஆனால் ஒவ்வொரு குழந்தையும் தனக்குத் தானே அளவுகோல்.

இழந்த நொதியை ஆய்வகத்தில் ஆக்கித் திரும்பச் சேர்க்கலாம் என்பது அடுத்த நம்பிக்கை. தொடக்கச் சோதனைகளில் வளர்ச்சி கூடியது. டிஎச்ஏ, அராக்கிடோனிக் அமிலங்களின் உட்கிரகிப்பும் உயர்ந்தது. பின்னர் 32 வாரத்துக்கு முன் பிறந்த 415 குழந்தைகளிடம் நடந்த பெரிய சோதனையின் முடிவு 2016இல் அச்சேறியது. 4 வார முடிவில், நொதி சேர்த்த பாலுக்கும் சேர்க்காத பாலுக்கும் வளர்ச்சியில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை.

தாயின் சொந்தப் பாலைக் கறந்து, சூடேற்றாமல், குழாய்வழியே சில மில்லிலிட்டராக முதலில் ஊட்டுவதும், அது போதாதபோது மட்டும் கொடைப்பாலை நாடுவதும் பிறந்த குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் இன்றும் தொடர்கின்றன.