ஒரு சிப் திரும்பிப் போன கதை

கம்பெனி குறித்துக் கொடுத்த வேகத்தைவிடக் கூடுதல் வேகத்தில் பிராசஸரை ஓட்டுவதற்கு ஓவர்கிளாக்கிங் என்று பெயர். பெரியவர்கள் பலருக்கு இது ஹாஸ்டல் பையன்களின் விளையாட்டு. ஆனால் “கம்ப்யூட்டர் ஓடுது” என்பது வேறு, “சரியா ஓடுது” என்பது வேறு என்று கம்பெனிக்கே பாடம் நடத்திய பெருமை இந்த விளையாட்டுக்கு உண்டு. அந்த வரலாற்றைச் சற்றுப் பார்ப்போம்.

1998 ஆகஸ்டில் இன்டெல் கம்பெனி செலரான் 300ஏ என்ற மலிவு விலைச் சிப்பை வெளியிட்டது. பஸ் வேகம் 66 மெகாஹெர்ட்ஸ். நாலரையால் பெருக்கினால் 300. மதர்போர்டில் பஸ்ஸை 100 என்று மாற்றிவிட்டால் அதே சிப் 450இல் ஓடும்! அன்றைக்கு உச்சத்தில் இருந்த பென்டியம் 2இன் வேகமும் அதே 450தான். விலையோ பல மடங்கு. கேட்கணுமா? ஆளாளுக்கு இறங்கிவிட்டார்கள்.

ஆனால் எல்லாச் சிப்பும் சொன்னபடி கேட்கவில்லை. விண்டோஸ் வரும், பத்து நிமிஷம் நன்றாக வேலை செய்யும், திடீரென்று நீலத்திரை! காரணம் நாம் முதலாண்டில் படித்ததுதான். 300 மெகாஹெர்ட்ஸில் ஒரு துடிப்புக்கு 3.3 நானோ செகண்ட் கிடைக்கிறது, 450இல் 2.2தான். அதற்குள் சிக்னல் சிப்புக்குள் தன் பாதையைக் கடந்து நிலைபெற்றாக வேண்டும். தாமதித்தால் 0 வரவேண்டிய இடத்தில் 1 வந்து உட்காரும். வோல்டேஜை 2.0இலிருந்து 2.2க்கு ஏற்றினால் டிரான்சிஸ்டர் சுறுசுறுப்பாகும். ஆனால் செலவாகும் மின்சாரம் வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 10 சதவீதம் ஏற்றினால் சூடு 21 சதவீதம் ஏறும். சூடு ஏறினால் டிரான்சிஸ்டர் மறுபடி மந்தமாகும். ஆகவே வோல்டேஜோடு விசிறியையும் கவனித்தவர்களே ஜெயித்தார்கள்.

இன்னொரு வேடிக்கை. 100 வேண்டாம், பத்திரமாக 83 போதும் என்று நினைத்தவர்களுக்கு ஹார்ட் டிஸ்க்கில் ஃபைல்கள் கெட்டுப்போயின. பிசிஐ கார்டுகளின் வேகம் 33 மெகாஹெர்ட்ஸ். பஸ் 100 என்றால் மூன்றால் வகுத்து 33 கிடைத்துவிடும். 83ஐ இரண்டால்தான் வகுத்தார்கள். 41க்கு மேல் போய்விட்டது. குற்றம் ஓரிடம், பழி பிராசஸர் மேல்!

சரி, சிப் நிலையாக இருக்கிறது என்று எப்படி நிச்சயிப்பது? 1996இல் ஜார்ஜ் வோல்ட்மன் என்பவர் பெரிய பகா எண்களைத் தேட ஒரு கூட்டு முயற்சியைத் தொடங்கினார். அவருடைய பிரைம்95 புரோகிராமில் ஒரு சோதனை உண்டு: விடை ஏற்கெனவே தெரிந்த கடினமான கணக்கைச் சிப்பிடம் கொடுத்து, வந்த விடையை ஒப்பிடுவது. ஒரு இலக்கம் தப்பினாலும் தோல்வி. லினக்ஸ்காரர்கள் கெர்னலை கம்பைல் செய்து பார்த்தார்கள். ஒவ்வொரு தடவையும் ஒரே வரியில் நின்றால் புரோகிராமில் தப்பு. வெவ்வேறு இடத்தில் நின்றால் பெரும்பாலும் ஹார்ட்வேரில் தப்பு. எளிமையான, அருமையான தர்க்கம்!

இனிதான் முக்கியக் கட்டம். 2000 மார்ச் 6இல் ஏஎம்டி கம்பெனி 1 கிகாஹெர்ட்ஸைத் தொட்டது. இரண்டே நாளில் இன்டெல்லும் தொட்டது. போட்டி முற்றி, ஜூலை 31இல் இன்டெல் 1.13 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 3ஐ அறிவித்தது. ஜெர்மானியரான தாமஸ் பாப்ஸ்ட், படிப்பால் மருத்துவர், தொழிலால் கணினி விமர்சகர். அவர் கையில் கிடைத்த சிப், லினக்ஸ் கெர்னலை முழுதாக கம்பைல் செய்ய முடியாமல் விழுந்தது. ஓவர்கிளாக்கிங்கில் பேர்போன கைல் பென்னட்டும் சோதித்தார், அதே கதை. கடைசியில் இன்டெல்லின் சொந்த ஆய்வுக்கூடத்திலும் கோளாறு தெரிந்தது. ஆகஸ்ட் 28இல், அறிவித்து ஒரு மாதம்கூட நிறைவதற்குள், அந்தச் சிப்பைத் திரும்பப் பெற்றார்கள். அடுத்த ஆண்டுதான் சரியான 1.13 சந்தைக்கு வந்தது. வாலிபர்கள் வீட்டில் தொட்ட எல்லையைக் கம்பெனியே தொட்டு, அவர்களுடைய சோதனையிலேயே மாட்டிக்கொண்டது!

இது பழங்கதையும் அல்ல. இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்கள் பலவற்றில், ஓவர்கிளாக் செய்யாமலே, விளையாட்டுகள் பாதியில் நின்றன. கிராபிக்ஸ் கார்டில் மெமரி போதவில்லை என்று திரையில் வந்த செய்தி பலரைத் திசை திருப்பியது. மைக்ரோகோட் தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டதும் காரணம் என்று 2024இல் இன்டெல் ஒப்புக்கொண்டது. வாரண்டியை இரண்டு ஆண்டு நீட்டியது. புதிய மைக்ரோகோட் வந்தது. ஆனால் ஏற்கெனவே தேய்ந்துபோன சிப்பை அதனால் மீட்க முடியவில்லை.

இன்றைய மாணவ நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. தாராளமாக ஓவர்கிளாக் செய்து பாருங்கள். ஃபைல்களுக்கு முதலில் ஒரு காப்பி எடுத்துக்கொள்ளுங்கள். கோளாறு வந்தால் முதலில் எல்லாவற்றையும் கம்பெனி வைத்த அளவுக்குத் திருப்புங்கள். பிறகு ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ராத்திரி முழுக்கச் சோதனையை ஓட விடுங்கள். நின்றுபோகிற கம்ப்யூட்டரால் அவ்வளவு ஆபத்தில்லை. அது நின்றது நமக்குத் தெரிகிறது. நிற்காமல் தப்பு விடை கொடுக்கிற கம்ப்யூட்டர்தான் ஆபத்து. நாளைக்கு அந்த விடையை நம்பி நீங்கள் ஒரு பாலத்துக்குக் கம்பி கணக்கிடக்கூடும்.