வாய்க்காலும் சேரியும்

கால் என்றாலே நீரோடும் வழி. ஆற்றிலோ ஏரியிலோ வாய் திறந்து, அங்கிருந்து வெட்டிக் கொண்டுபோவது வாய்க்கால். அகராதி இத்தோடு நின்றுவிடும். நாம் நிற்க முடியாது.

தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் (985–1014) காலக் கல்வெட்டுகள், வரி விதிக்காத நிலங்களை ஊர் ஊராகக் கழித்துக் காட்டுகின்றன: ஊர்நத்தம், குளம், கம்மாணச்சேரி, பறைச்சேரி, சுடுகாடு, ஊரை ஊடறுத்துப் போன வாய்க்கால். வயலுக்கு நீர் கொண்டுவந்த காலும், அந்த வயலில் உழைத்தவர்களின் குடியிருப்பும் ஒரே பட்டியலில். வரி இல்லாததைச் சலுகை என்று வாசிப்பவர்கள் உண்டு. சுடுகாட்டுக்கும் அதே சலுகைதான்!

பிற்காலத்தில் பல ஊர்களில் ஏரி மடையைத் திறந்து, வயல் வயலாக நீர் பாய்ச்சிய நீர்க்கட்டிகள் நம்மவர்களே. அந்தக் கை மடையைத் திறக்கலாம். ஊர்க்கிணற்றில் வாளி இறக்கக் கூடாது.