பொதுச் சுகாதாரத்தில் புதிய மருத்துவத் தொழில்நுட்பங்கள்: தாய்லாந்தின் மதிப்பீட்டு முறையும் நிதி ஏற்பாடும்

முன்னுரை

புதிய மருந்தோ தடுப்பூசியோ கருவியோ சந்தைக்கு வரும்போது அரசின் முன் இரண்டு கேள்விகள் எழுகின்றன. அது பயன் தருமா? பயன் தருமென்றால், வரிப்பணத்தில் அதை எல்லோருக்கும் வழங்க இயலுமா? முதற்கேள்விக்கு மருத்துவ ஆய்வுகள் விடை தரும். இரண்டாவதற்கு அவை மட்டும் போதா. ஒரு சிகிச்சைக்கு ஒதுக்கும் பணம் இன்னொரு நோயாளிக்குக் கிடைக்காமல் போகும் பணமுமாகும். அந்த இன்னொருவர் யார் என்பது பெரும்பாலும் நம் கண்ணில் படுவதில்லை.

நடுத்தர வருமான நாடான தாய்லாந்து இக்கேள்வியை இருபது ஆண்டுகளாக முறையாகக் கையாண்டு வருகிறது. மதிப்பீடு என்பது சிகிச்சையை மறுப்பதற்கான சாக்கு அன்று. நியாயமான விலையைக் கேட்டுப் பெறவும், விதிவிலக்கைக் காரணத்தோடு அளிக்கவும் பொதுமக்களுக்கு வாய்த்த வலிமை அது என்பதும், பணம் கொடுக்கும் அமைப்பு அதற்குச் செவிசாய்த்தால்தான் அவ்வலிமை பலிக்கும் என்பதும் இக்கட்டுரை நிறுவ முயலும் கருத்துகள்.

1. பின்புலம்

2002ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி தாய்லாந்து அனைவருக்குமான சுகாதாரக் காப்புத் திட்டத்தை நிறுவியது. தொடக்கத்தில் ஒரு முறை மருத்துவம் பார்க்க 30 பாத் மட்டுமே வாங்கப்பட்டதால், மக்கள் வழக்கில் அது ‘30 பாத் திட்டம்’ ஆயிற்று. அரசு ஊழியர்களுக்கும் தனியார் துறைத் தொழிலாளர்களுக்கும் தனித்தனித் திட்டங்கள் உண்டு. எஞ்சிய மக்கள், அதாவது நாட்டில் ஏறத்தாழ முக்கால் பங்கினர், வரிப்பணத்தில் இயங்கும் இத்திட்டத்தின்கீழ் வருகின்றனர். தேசியச் சுகாதாரக் காப்பு அலுவலகம் அவர்கள் சார்பில் சிகிச்சைகளை வாங்குகிறது.

எதை வாங்குவது என்ற கேள்விக்குச் சான்று திரட்ட, 2007இல் ‘ஹைடாப்’ என்னும் மதிப்பீட்டு ஆய்வு அமைப்பு பொதுச் சுகாதார அமைச்சகத்தைச் சார்ந்து தோன்றியது. ஆய்வு செய்வது இவ்வமைப்பு. முடிவெடுப்பவை அத்தியாவசிய மருந்துப் பட்டியலுக்கான குழுவும் காப்பு அலுவலகத்தின் குழுக்களும். மதிப்பிடுபவரும் பணம் கொடுப்பவரும் ஒருவராக இல்லாததால், செலவைக் குறைக்கவே கணக்கு எழுதப்பட்டது என்ற ஐயத்துக்கு இடம் குறைகிறது.

2. அளவுகோலும் நடைமுறையும்

2.1 அளவுகோல்

ஒருவர் முழு நலத்தோடு வாழும் ஓராண்டு 1 என்று கொள்ளப்படும். நலம் பாதியாகக் குன்றிய நிலையில் வாழும் ஓராண்டு 0.5. ஒரு சிகிச்சை இவ்வாறு தரம் சேர்த்துக் கணக்கிட்ட வாழ்நாள் ஆண்டுகளில் எத்தனையைக் கூட்டுகிறது, அதற்குக் கூடுதலாக எவ்வளவு செலவாகிறது என்பதே அடிப்படைக் கணக்கு. 2013 முதல் இத்தகைய ஓர் ஆண்டுக்கு 1,60,000 பாத் என்பது வரம்பு.

2.2 முன்மொழிவோர்

எந்தச் சிகிச்சையை மதிப்பிட வேண்டும் என்பதை அதிகாரிகள் மட்டும் தீர்மானிப்பதில்லை. கொள்கை வகுப்போர், மருத்துவத் துறையினர், கல்வியாளர், நோயாளர் அமைப்புகள், குடிமைச் சமூகம், மருந்துத் தொழில்துறை, பொதுமக்கள் என ஏழு தரப்பினர் முன்மொழியலாம். பாதிக்கப்பட்டோர் எண்ணிக்கை, நோயின் கடுமை, சிகிச்சையின் பலன், இடத்துக்கிடம் சிகிச்சை முறை மாறுபடும் அளவு, குடும்பத்தின் மேல் விழும் செலவு, சமூக நீதி ஆகிய ஆறு அடிப்படைகளில் முன்னுரிமை வரையறுக்கப்படுகிறது.

2.3 பட்ஜெட் சுமை

வரம்புக்குள் அடங்கும் சிகிச்சைகூடப் பல லட்சம் பேருக்குத் தேவைப்பட்டால் கருவூலம் தாங்காது. வரம்பைத் தாண்டுவது சிலருக்கே தேவையென்றால் தாங்கும். ஆகவே ஒரு சிகிச்சைக்கு மொத்தம் எவ்வளவு செலவாகும் என்பதும் தனியே கணக்கிடப்படுகிறது.

3. மூன்று நேர்வுகள்

3.1 டயாலிசிஸ்

திட்டம் தொடங்கியபோது சிறுநீரகச் செயலிழப்புக்கான சிகிச்சை அதில் சேர்க்கப்படவில்லை. 2007இல் வெளியான ஆய்வு, நலமான ஓர் ஆண்டைக் கூட்ட வயிற்றுவழி டயாலிசிஸுக்கு ஏறத்தாழ 6,72,000 பாத்தும், இயந்திரவழி ரத்த டயாலிசிஸுக்கு 8,06,000 பாத்தும் ஆகும் என்று கண்டது. பின்னாளில் வகுத்த வரம்பைப்போல் அவை நான்கு, ஐந்து மடங்கு. கணக்கு மட்டுமே முடிவென்றால் இரண்டையும் தள்ளியிருக்க வேண்டும்.

ஆனால் மற்ற இரு திட்டங்களின் பயனாளிகளுக்கு டயாலிசிஸ் ஏற்கெனவே கிடைத்துவந்தது. ஏழை விவசாயக் குடும்பமோ நிலத்தை விற்றது. விற்க ஒன்றுமில்லாதபோது நோயாளியை இழந்தது. இந்த அநீதியை முன்வைத்து அரசு 2008இல் டயாலிசிஸைத் திட்டத்தில் சேர்த்தது. இரண்டில் செலவு குறைந்த, வீட்டிலேயே செய்யக்கூடிய வயிற்றுவழி முறை முதற்சிகிச்சை ஆயிற்று.

கரைசல் பெட்டிகள் அஞ்சல் துறை வழியே கிராமத்து வீடுகளுக்கு வந்து இறங்குகின்றன. நோயாளி கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவி, முகக்கவசம் அணிந்து, வயிற்றில் பொருத்திய குழாயில் 2 லிட்டர் பையை இணைக்கிறார். உள்ளே தங்கியிருந்த பழைய கரைசலை வடித்துவிட்டுப் புதியதை இறக்குகிறார். வழக்கமாக நாளுக்கு நான்கு முறை இது நடக்க வேண்டும். இயந்திரத்தைத் தேடி வாரந்தோறும் நகரத்துக்குப் போய்வரும் பேருந்துச் செலவும் கூலி இழப்பும் இல்லை. கைச்சுத்தம் தவறினால் வயிற்றறையில் தொற்று வரும். அதனால் பயிற்சியளிக்கும் செவிலியரும் இச்சிகிச்சையின் பிரிக்க முடியாத பகுதி.

3.2 கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி

எச்பிவி தடுப்பூசி நல்ல பலன் தரும் என்பதில் ஐயமில்லை. எனினும் அன்றைய சந்தை விலையில் அது செலவுக்கேற்ற பயன் தராது என்று மதிப்பீடு கூறியது. அதற்குப் பதிலாகக் கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைகளைப் பரவலாக்குமாறு பரிந்துரைத்தது. விலை இறங்கிய பின், 2017இல் ஐந்தாம் வகுப்பு மாணவியருக்கான தேசியத் திட்டத்தில் ஊசி சேர்ந்தது. ‘இந்த விலைக்கு வேண்டாம்’ என்று சான்றோடு சொல்ல முடிந்தது பேரத்துக்கு உரம் சேர்த்தது. ஆனால் இடைப்பட்ட ஆண்டுகளில் ஊசி பெறாமல் வளர்ந்த சிறுமியரையும் கணக்கில் கொள்ள வேண்டும். தாமதமும் ஒரு செலவுதான்.

3.3 அரிய நோய்

கோஷே நோய்க்கான இமிகுளூசரேஸ் மிக விலையுயர்ந்த மருந்து. வரம்புக்குள் வர வாய்ப்பே இல்லை. நோயாளிகள் மிகச் சிலர் என்பதால் மொத்தச் சுமை தாங்கக்கூடியது. மருந்தைத் தன் செலவில் வாங்க நேர்ந்தால் குடும்பம் நொடித்துவிடும். இக்காரணங்களை வெளிப்படையாகக் கூறியே அது மருந்துப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

4. நிதி ஏற்பாடு

மதிப்பீட்டு அறிக்கைக்குப் பின்னால் வாங்கும் சக்தி நிற்க வேண்டும். கோடிக்கணக்கானோர் சார்பில் ஒரே அமைப்பு வாங்குவதால் நிறுவனங்கள் விலை பேச முன்வருகின்றன. பேச்சு பலிக்காதபோது சட்டமும் கைகொடுத்தது. 2006 நவம்பரில் எச்ஐவி மருந்தான எஃபாவிரென்ஸுக்குத் தாய்லாந்து, காப்புரிமை பெற்ற நிறுவனத்தின் இசைவின்றியே மருந்தைப் பெற வழிசெய்யும் கட்டாய உரிமம் பிறப்பித்து, இந்தியாவில் தயாரான அதே மருந்தைக் குறைந்த விலைக்கு இறக்குமதி செய்தது.

5. முறையின் எல்லைகள்

முதலாவதாக, வரம்பு வெளிப்படையாகத் தெரிவதால், அதைத் தொட்டுநிற்கும் விலையையே நிறுவனங்கள் கேட்கக்கூடும். இரண்டாவதாக, சராசரிக் கணக்கில் மலைக்கிராமத்து நோயாளியின் இடர் மறைந்துவிடும். மூன்றாவதாக, ஒருமுறை எடுத்த முடிவு நிலையானதன்று. வயிற்றுவழி முறையையே முதலில் ஏற்க வேண்டும் என்ற விதி நோயாளிகளின் தெரிவைக் கட்டுப்படுத்துகிறது என்ற குறை வலுத்து, 2022இல் அவ்விதி தளர்ந்தது. இயந்திர டயாலிசிஸை நாடியோர் பெருகிச் செலவும் ஏறவே, 2025இல் அரசு மீண்டும் பழைய முறையின் பக்கம் திரும்பியது. மறுமதிப்பீட்டுக்கான கால அட்டவணை தொடக்கத்திலேயே வேண்டும் என்பதற்கு இதுவே சான்று.

6. இந்தியாவுக்கும் தமிழகத்துக்கும்

இந்தியாவில் 2017 முதல் சுகாதார ஆராய்ச்சித் துறையின்கீழ் தொழில்நுட்ப மதிப்பீட்டு அமைப்பு இயங்குகிறது. 1994இல் உருவான தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மொத்தக் கொள்முதலால் விலையைக் குறைக்க முடியும் என்று நாட்டுக்கே காட்டியது. 2021இல் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் வயிற்றுவழி டயாலிசிஸ் பைகளை வீட்டுக்கே கொண்டு சேர்க்கிறது. ஆய்வு, கொள்முதல், விநியோகம் மூன்றும் நம்மிடம் உள்ளன. இவற்றோடு, ஒரு புதிய மருந்தைக் காப்பீட்டில் சேர்க்கும்போதும் விலக்கும்போதும் அதன் காரணத்தை எளிய தமிழில் வெளியிடும் கடப்பாடும், மதிப்பீட்டை முன்மொழிய நோயாளர் அமைப்புகளுக்கு உரிமையும் சட்டப்படி அமைய வேண்டும்.

முடிவுரை

எல்லாச் சிகிச்சைகளையும் எல்லோருக்கும் எந்த அரசாலும் தர முடியாது. தேர்வு எப்படியும் நடந்தே தீரும். வெளிப்படையான விதி இல்லாத இடத்தில் அந்தத் தேர்வைச் செய்வது நோயாளியின் பணப்பை. மதிப்பீடு அத்தேர்வைக் கேள்வி கேட்கக்கூடிய இடத்துக்குக் கொண்டுவருகிறது. டயாலிசிஸைக் கணக்கு மறுத்தபோதும் நீதி கருதி ஏற்றதும், தடுப்பூசிக்கு விலை இறங்கும்வரை வாதாடியதும் ஒரே முறைமையின் இரு பக்கங்கள். கணக்கை ஒளிக்காமல் வைத்து, அதை மீறுவதற்கான காரணத்தையும் மக்கள் முன் வைக்கும் அரசே பொதுப்பணத்துக்கும் நோயாளிக்கும் ஒருசேர நேர்மையாக நடக்க முடியும்.